எலி குறைவாகக் குடித்தால் போதுமா?

“குடியை மறக்கடிக்க ஒரு மாத்திரை இருக்கிறதா, டாக்டர்?” குடிநோயாளியை அழைத்துவரும் மனைவியோ தாயோ மனநல மருத்துவரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இதற்குப் பதில் தேடி ஆய்வுக்கூடங்கள் எண்பது ஆண்டுகளாக எலிகளுக்கு மது கொடுத்துவருகின்றன. அந்தத் தேடலில் பெரும் நம்பிக்கை வைக்கப்பட்ட வேதிப்பொருள் செரோட்டோனின். அதைக் கூட்டும் மருந்து, குறைக்கும் மருந்து, அதன் ஏற்பிகளைத் தூண்டும் மருந்து, அடைக்கும் மருந்து என்று எல்லாப் பக்கமிருந்தும் முயன்றார்கள். நான்கு வழிகளிலுமே எலியின் குடி குறைந்ததாக ஆய்வுகள் வெளியாயின. ஆனால், மனிதரின் குடிநோய்க்கென்று அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒப்புதல் பெற்ற செரோட்டோனின் மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

எலி வேறு, மனிதன் வேறு என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. எலி எவ்வளவு குடித்தது என்பதைத் துல்லியமாக அளந்த ஆய்வுகள், அது ஏன் குறைத்துக்கொண்டது என்பதை அதே அக்கறையோடு கேட்கவில்லை. அந்தக் குறையின் விலையை விலங்குகளும் நோயாளிகளும் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். எலிகளிடம் பலித்த மருந்து என்று அடுத்த செய்தி வருவதற்குள் இதைப் பேசியாக வேண்டும்.

இரண்டு புட்டிகள்

சோதனை எளிமையானது. கூண்டில் இரண்டு புட்டிகள் தொங்கும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்த தண்ணீர். எலி பழக்கத்தால் ஒரே பக்கம் போய்க் குடித்துக் கணக்கைக் குழப்பாதபடி புட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். புட்டியில் குறைந்ததைக் கொண்டு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை கிராம் மது என்று கணக்கிடுவார்கள். எலிகள் எந்தச் செறிவுவரை மதுவை விரும்பும் என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கர்ட் ரிக்டர் 1940இலேயே ஆராய்ந்து எழுதினார்.

சாதாரண எலிக்கு மதுவின் மேல் பெரிய நாட்டம் கிடையாது. செறிவு கூடினால் ஒதுங்கிவிடும். ஆகவே விரும்பிக் குடிக்கும் எலிகளைத் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்தார்கள். சிலி நாட்டில் ஹோர்ஹே மார்டோனஸ் 1940களின் இறுதியில் இதைத் தொடங்கினார். ஃபின்லாந்து அரசின் மது நிறுவனமான ஆல்கோவின் ஆய்வுக்கூடத்தில் கலெர்வோ எரிக்சன் வளர்த்தெடுத்த இரண்டு மரபுகள் 1968இல் உலகுக்கு அறிமுகமாயின: ஏ.ஏ. என்பவை குடிப்பவை, ஏ.என்.ஏ. என்பவை மறுப்பவை. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டிங்-கய் லீயும் லாரன்ஸ் லுமெங்கும் ‘பி’ எலிகளை உருவாக்கினார்கள். தீனியும் தண்ணீரும் தாராளமாக இருக்கும்போதே, கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் மது அருந்துபவை இவை. 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு இதை அப்படியே பெருக்கினால் 300 கிராம் எத்தனால் வரும். ஒரு ‘ஃபுல்’ பாட்டில் பிராந்தியில் இருப்பது ஏறக்குறைய 250 கிராம். எலியின் உடல் மதுவை நம்மைவிட வெகு வேகமாக எரித்துவிடும் என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் இந்த எலிகளின் குடி சாதாரணக் குடியல்ல என்பது புரியும்.

1980களில் ‘பி’ எலிகளின் மூளையை ஆராய்ந்த இண்டியானா குழு, இன்ப உணர்வோடு தொடர்புள்ள பகுதி உட்படச் சில இடங்களில் செரோட்டோனின் குறைவாக இருப்பதைக் கண்டது. அந்தக் குழு வேலை செய்த இண்டியானாபோலிஸ் நகரில்தான் எலி லில்லி நிறுவனம் ஃப்ளூவாக்ஸெட்டினை உருவாக்கியிருந்தது. நரம்பு முனையிலிருந்து வெளியாகும் செரோட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அதன் அளவைக் கூட்டும் மருந்து அது. 1974இல் ஆய்விதழில் வெளியாகி, 1987இல் மனச்சோர்வுக்கு ஒப்புதல் பெற்றது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு விடை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. செரோட்டோனின் குறைந்தால் குடி கூடும். செரோட்டோனினைக் கூட்டினால் குடி குறையும்.

ஆனால், இதற்கு எதிரான சான்று முன்பே அச்சில் இருந்தது. ஃபின்லாந்தின் லீசா ஆஹ்டேயும் எரிக்சனும் 1972இல் வெளியிட்ட அளவீட்டின்படி, குடிக்கும் ஏ.ஏ. எலிகளின் மூளையில் செரோட்டோனின் குறைவாக இல்லை; மறுக்கும் எலிகளைவிட அதிகமாகவே இருந்தது. இண்டியானாவின் குடிகார எலி ஒரு காரணத்தால் குடிக்கிறது, ஹெல்சிங்கியின் குடிகார எலி இன்னொரு காரணத்தால் குடிக்கிறது. மனிதரும் அப்படித்தான். இந்த உண்மையை அன்றே முழுதாக எடுத்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்த பல ஏமாற்றங்களைத் தவிர்த்திருக்கலாம்.

கூட்டினாலும் குறைந்தது, குறைத்தாலும் குறைந்தது

மருந்துச் சோதனைகளின் கதை 1968இல் தொடங்குகிறது. ஆர். டி. மையர்ஸும் டபிள்யூ. எல். வீலும் பாரா-குளோரோஃபீனைல்அலனின் என்ற வேதிப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தார்கள். மூளையில் செரோட்டோனின் உற்பத்தியாவதையே இது தடுத்துவிடும். எலிகளின் மது விருப்பம் சரிந்தது. ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள், குடிக்கச் செரோட்டோனின் தேவை என்று முடிவு செய்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில் அதே இதழில் மறுப்பு வந்தது. நாக்மன், லெஸ்டர், லெ மாக்னென் மூவரும் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். இந்த மருந்து எலிக்கு உடல்நலக் கேட்டைத் தருகிறது. எலி அந்தக் கேட்டை, தான் அண்மையில் சுவைத்த மதுவோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால் மதுவை ஒதுக்குகிறது. ஒரு சுவைக்குப் பின் உடம்பு கெட்டால் அந்தச் சுவையை விலங்குகள் நெடுநாள் வெறுக்கும் என்பதை ஜான் கார்சியா 1950களிலேயே நிறுவியிருந்தார். ஆக, புட்டியில் மது மிஞ்சியதற்குக் காரணம் ஆசை தணிந்தது அல்ல, குமட்டலாக இருக்கலாம். 1973இல் இர்விங் கெல்லர் இதே வேதிப்பொருளைக் கொடுத்தபோது எலிகளின் மதுநாட்டம் கூடியது. செரோட்டோனினுக்கு முன்னோடியான 5-ஹைட்ராக்ஸிடிரிப்டோஃபனைக் கொடுத்தபோது குறைந்தது.

1979இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஸல்மன் அமித் குழு எதிர்த்திசையில் போனது. அர்விட் கார்ல்சனின் பங்களிப்பில் ஸ்வீடனில் உருவான ஸிமெலிடின், செரோட்டோனினைக் கூட்டும் மருந்துகளில் முன்னோடி. அதைக் கொடுத்தபோதும் எலிகள் மதுவைக் குறைத்தன. பின்னர் ஃப்ளூவாக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸமின், சிட்டலோப்ராம், செர்ட்ரலின் என்று வந்தவற்றில் பலவும் அதையே காட்டின. உற்பத்தியைத் தடுத்தாலும் குடி குறைகிறது, அளவைக் கூட்டினாலும் குடி குறைகிறது என்றால், குடி குறைவது மட்டும் நமக்கு எதையும் சொல்லிவிடாது. குறைவதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம்: மயக்கம், வயிற்றுப் புரட்டல், நடக்க முடியாமை, பசியின்மை.

பசியின்மை இங்கே மிக முக்கியம். செரோட்டோனின் உணவு வேட்கையையும் அடக்குகிறது. ஃப்ளூவாக்ஸெட்டின் பெற்ற எலிகள் மதுவோடு தீனியையும் குறைத்தன. உடல் எடையும் இறங்கியது. மதுவிலும் கலோரி உண்டு. அப்படியானால் மருந்து அடக்கியது மது வேட்கையையா, வாய்வழிப் போகும் எல்லாவற்றின் மீதான நாட்டத்தையுமா? அமித்தின் குழுவினரே இந்த ஐயத்தை உரக்க எழுப்பினார்கள். இண்டியானா குழு இதற்குக் கவனமான ஒரு சோதனையால் பதில் தேடியது. மதுவை வாயில் சுவைக்காமல் நேரே இரைப்பைக்குள் செலுத்திக்கொள்ளப் பழக்கிய ‘பி’ எலிகளுக்கு ஃப்ளூவாக்ஸெட்டினைக் கொடுத்தார்கள். அப்போதும் மது குறைந்தது. ஆகவே சுவை வெறுப்பு மட்டும் காரணமல்ல என்று தெரிந்தது. இப்படிப்பட்ட கேள்விகள்தான் அறிவியலை நகர்த்துகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் போதவில்லை என்பதே என் வருத்தம்.

மருந்தளவையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளில் எலிக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் ஃப்ளூவாக்ஸெட்டின் கொடுப்பது வழக்கம். உடல் பரப்பளவைக் கொண்டு மனிதருக்கு மாற்றிக் கணக்கிட்டால் 10 மில்லிகிராம் என்பது 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 97 மில்லிகிராம். மனச்சோர்வுக்கு நாங்கள் எழுதுவது பெரும்பாலும் 20 மில்லிகிராம்.

ஏரி ஒன்று, மதகுகள் பல

செரோட்டோனினை 1948இல் ரப்போர்ட், கிரீன், பேஜ் மூவரும் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது மூளையிலும் இருப்பதை 1953இல் பெட்டி ட்வாராக் காட்டினார். உடலின் செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறது. மூளையில் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் தண்டுப்பகுதியில் சிறு கூட்டமாக அமர்ந்து, மூளை முழுவதற்கும் இழைகளை அனுப்புகின்றன. அது போய்ச் சேரும் ஏற்பிகள் 14 வகை. ஒரே ஏரியின் நீர் பதினான்கு மதகுகள் வழியே வெவ்வேறு வயல்களுக்குப் போவதைப் போன்ற ஏற்பாடு இது. ஏரியின் மட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ, எந்த வயல் விளையும் என்று சொல்ல முடியாது. எந்த மதகு என்று பார்க்க வேண்டும்.

1980களின் இறுதியிலிருந்து அப்படிப் பார்த்தார்கள். 1ஏ வகை ஏற்பியின் மேல் வேலைசெய்யும் புஸ்பிரோனை, நெடுநாள் குடித்துப் பழகிய மக்காக் குரங்குகளுக்குக் கொடுத்து, குடி குறைவதை 1987இல் காலின்ஸும் மையர்ஸும் பதிவு செய்தார்கள். அதே ஏற்பியைத் தூண்டும் இன்னொரு வேதிப்பொருளை மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது எலிகளின் குடி கூடியது என்று டொரன்டோ குழு 1994இல் காட்டியது. காரணம் தெளிவு. இந்த ஏற்பி செரோட்டோனின் சுரக்கும் நரம்பணுக்களின் மீதே கடிவாளமாகவும் அமர்ந்திருக்கிறது; சிறிய அளவு மருந்து அந்தக் கடிவாளத்தை மட்டும் இழுத்துச் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. ஒரே ஏற்பிதான். மருந்தும் அளவும் மாறினால் விளைவு தலைகீழ்.

1பி வகை ஏற்பியின் கதை ஆய்வாளர் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டியது. அந்த ஏற்பிக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு மது குடிக்கின்றன என்று 1996இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் ஜான் கிராப் குழு எழுதியது. பெரும் கவனம் பெற்ற முடிவு அது. ஆனால், மற்ற கூடங்களில் செய்தபோது அது எப்போதும் கிடைக்கவில்லை. கிராப் அதை மறைக்கவில்லை. தானே முன்னின்று சோதித்தார். போர்ட்லண்ட், ஆல்பனி, கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று நகரங்களில், ஒரே மரபுகளைச் சேர்ந்த சுண்டெலிகளை, ஒரே வகைக் கருவிகளில், ஒரே நாள்களில், ஒரே உள்ளூர் நேரத்தில் ஆறு சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். 1999இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரை, இவ்வளவு ஒருமை பேணியும் சில நடத்தைகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டதை வெளிப்படையாகச் சொன்னது. மது விருப்பத்தில் மரபுகளுக்கிடையே உள்ள பெரிய வேறுபாடுகள் மூன்று இடங்களிலும் நிலைத்தன. மரபணு ஒன்றை நீக்குவதால் வரும் சிறிய விளைவுகளை நம்பி முடிவெடுப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்பதே அது தந்த பாடம். தன் புகழ்பெற்ற முடிவைத் தானே மறுசோதனைக்கு உட்படுத்திய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

மூன்றாம் வகை ஏற்பி தனித்தன்மை வாய்ந்தது. மது இதன் செயலை நேரடியாகவே தூண்டுகிறது என்பதை 1990களின் தொடக்கத்தில் டேவிட் லோவிஞ்சர் காட்டினார். குழந்தைகளின் வாந்தியை நிறுத்த வீடுகளில் வாங்கிவைக்கும் ஆன்டான்செட்ரான், இந்த ஏற்பியை அடைக்கும் மருந்துதான். அது எலிகளிலும் மார்மோசெட் குரங்குகளிலும் குடியைக் குறைத்தது. இன்றும் எனக்கு ஓரளவு நம்பிக்கை தரும் கதவு இது. இரண்டாம் வகை ஏற்பியை அடைக்கும் ரிடான்செரின் சில கூடங்களில் எலிகளின் குடியைக் குறைத்தது. மையர்ஸின் கூடத்தில் குறைக்கவில்லை. நோயாளிகளிடம் பலன் தரவும் இல்லை.

மனிதரிடம் வந்தபோது

எலிகளின் முடிவுகள் டொரன்டோ வழியாக மனிதரிடம் வந்தன. கிளாடியோ நரஞ்சோ, எட்வர்ட் செல்லர்ஸ் குழு மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு ஸிமெலிடினைக் கொடுத்துச் சிறிது பலன் கண்டதை 1984இல் வெளியிட்டது. ஆனால் கியான்-பாரே நோய்க்குறியை உண்டாக்கியதால் அந்த மருந்து 1983லேயே சந்தையிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. அடுத்து 1990இல் ஃப்ளூவாக்ஸெட்டின். நாளுக்கு 60 மில்லிகிராம் பெற்றவர்களின் குடி சுமார் 17 சதவீதம் குறைந்தது. 40 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாற்றமில்லை. 1992இல் மருத்துவமனையிலேயே தங்கவைத்து நடத்திய ஒரு சோதனையில் 14 சதவீதக் குறைவு தெரிந்தது. அதுவும் முதல் வாரத்தில் மட்டும். ஹென்றி கிரான்ஸ்லர் குழு 1995இல் 101 நோயாளிகளை 12 வாரம் கவனித்தபோது, ஃப்ளூவாக்ஸெட்டினுக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடே இல்லை.

இதைவிடக் கவலை தரும் செய்தி அடுத்த ஆண்டு வந்தது. அதே நோயாளிகளை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். இளம் வயதிலேயே குடிக்கத் தொடங்கி, குடும்ப வரலாறும் கடுமையான சார்பும் கொண்டவர்களிடம் ஃப்ளூவாக்ஸெட்டின் பெற்றவர்களின் நிலை, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட மோசமாக இருந்தது. ஹெலன் பெட்டினாட்டி 2000இல் செர்ட்ரலினைக் கொண்டு செய்த சோதனையில், நோயின் கடுமை குறைந்த வகையினருக்கு மட்டும் பலன் கிடைத்தது. ஒரே மருந்து ஒருவருக்கு உதவி, ஒருவருக்குச் சும்மா, இன்னொருவருக்குத் தீங்கு. எல்லா நோயாளிகளையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சராசரி எடுத்தால் இந்த மூன்றும் மறைந்துபோகும்.

ஆன்டான்செட்ரானின் நிலையும் இதுதான். பேங்கோல் ஜான்சன் 2000இல் 271 நோயாளிகளிடம் நடத்திய சோதனையில், 25 வயதுக்கு முன்பே குடிநோய் தொடங்கியவர்களுக்குப் பலன் தெரிந்தது. பிந்தித் தொடங்கியவர்களுக்கு இல்லை. செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் மரபணு வேறுபாட்டைக் கொண்டு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2011இல் எழுதினார். ஆனால், அப்படித் தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனை, 2022இல் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று அறிவிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் சொல்வது விலங்கு ஆய்வே வீண் என்று வாதிட அல்ல. இன்று குடிநோய்க்குக் கொடுக்கப்படும் நால்ட்ரெக்ஸோனும் விலங்குகளின் கூண்டிலிருந்து வந்ததுதான். 1980இல் குரங்குகளில் தெரிந்த பலன் 1992இல் மனிதரிடம் உறுதியாகி, 1994இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் பலனும் அளவானதே: 12 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் மீண்டும் மிகுகுடிக்குத் திரும்பாமல் தடுக்கப்படுகிறார். ஆனால் அந்தப் பலன் சோதனைக்குச் சோதனை நிலைத்தது.

தாயைப் பிரிந்த குட்டிகள்

செரோட்டோனின் ஆய்வு நமக்குத் தந்த மிக ஆழமான உண்மை ஒரு மருந்திலிருந்து வரவில்லை. அமெரிக்கத் தேசிய நல நிறுவனத்தின் குரங்குக் கூடத்திலிருந்து வந்தது. 1991இல் டீ ஹிக்லி, ஸ்டீபன் சுவோமி, மார்க்கு லின்னொய்லா ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி ரீசஸ் குட்டிகள் தாயிடம் வளர்ந்தன. மற்றவை பிறந்ததும் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, சம வயதுக் குட்டிகளோடு வளர்ந்தன. வளர்ந்தபின் இனிப்புச் சேர்த்த மதுவை வைத்தபோது, தாயைப் பிரிந்தவை கணிசமாக அதிகம் குடித்தன. பின்பு எல்லாக் குரங்குகளையும் கூட்டத்திலிருந்து சில நாள் தனியே பிரித்தார்கள். அப்போது தாயிடம் வளர்ந்தவையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குடிக்கத் தொடங்கின. தாயின்றி வளர்ந்த குரங்குகளின் முதுகுத்தண்டு நீரில் செரோட்டோனின் சிதைவுப் பொருள் குறைவாக இருப்பதையும் இதே கூடத்தின் ஆய்வுகள் காட்டின. 1998இல் செர்ட்ரலின் கொடுத்தபோது குரங்குகளின் மிகுகுடி குறைந்தது.

அந்த ஆய்வின் கொடுமையை மறைத்து அதன் பயனை மட்டும் பேசுவது முறையல்ல. குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும் அந்த முறை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்தக் கூடத்தின் குரங்கு ஆய்வுகளை முடித்துக்கொள்வதாக 2015இல் தேசிய நல நிறுவனம் அறிவித்தது. அந்தக் குட்டிகள் கொடுத்த விலைக்கு நாம் செய்யக்கூடிய ஒரே மரியாதை, அவை காட்டியதை முழுமையாகக் கற்றுக்கொள்வது. செரோட்டோனினின் அளவு பிறப்பில் மட்டும் தீர்மானமாவதில்லை. வளர்ப்பும் பிரிவும் தனிமையும் அதில் பதிகின்றன. அப்படிப் பதிந்ததை மாத்திரை மட்டும் துடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது அறிவியலாகாது.

எதைக் கேட்க வேண்டும்?

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்வீடனின் லின்ஷொப்பிங் பல்கலைக்கழகம் 2018இல் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. மது குடிக்கப் பழகிய எலிகளுக்கு மாற்றாக இனிப்புத் தண்ணீரையும் வைத்தார்கள். பெரும்பாலானவை மதுவை விட்டு இனிப்புக்குப் போய்விட்டன. சுமார் 15 சதவீத எலிகள் மட்டும் மதுவையே தேர்ந்தெடுத்தன. காலில் மின்னதிர்ச்சி கிடைக்கும் என்று தெரிந்தும் விடவில்லை. அந்தச் சிறுபான்மையின் மூளையில்தான் குறிப்பிட்ட ஒரு குறைபாட்டை ஆய்வாளர்கள் கண்டார்கள். குடிப்பவர் அனைவரும் குடிநோயாளி ஆவதில்லை, எலிகளிலும் அப்படியே. மாற்று இருந்தும் விட முடியாத அந்த விலங்கிடம் சோதிக்காத மருந்தை, விட முடியாத மனிதருக்குக் கொடுக்க என்ன நியாயம் இருக்கிறது?

மருந்தை நிறுத்தியபின் என்ன ஆகிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஸ்பெயினில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மதுவுக்குப் பழகிய எலிகளுக்கு இரண்டு வாரம் ஃப்ளூவாக்ஸெட்டினோ வென்லாஃபாக்ஸினோ கொடுத்து நிறுத்தினார்கள். அதன்பின் அவற்றின் குடி முன்பைவிடக் கூடியது. மருந்து உடலில் இருக்கும் நாள்களை மட்டும் அளந்திருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

இப்போது எல்லோரும் பேசும், மாயத்தோற்றங்களை உண்டாக்கும் மருந்தான ஸைலோசைபினும் செரோட்டோனின் ஏற்பி வழியேதான் வேலைசெய்கிறது. 2022இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 95 நோயாளிகள் பங்கேற்றார்கள். பின்தொடர்ந்த 32 வாரங்களில் மிகுகுடி நாள்கள் ஸைலோசைபின் பெற்றவர்களிடம் 9.7 சதவீதம்; ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களிடம் 23.6 சதவீதம். நம்பிக்கை தரும் எண்கள்தாம். ஆனால், இரு தரப்பினருக்கும் பல அமர்வுகள் உளவியல் சிகிச்சை தரப்பட்டது. எது எந்த மருந்து என்பதைப் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் சரியாக ஊகித்தும் விட்டார்கள். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ரைனர் ஸ்பனாகல் குழு எலிகளிடம் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மருந்துகளால் நீடித்த பலன் இல்லை. கிடைத்த பலனும் குறுகியதாக இருந்தது. அதற்கு முன் 2018இல் இன்னொரு குழு, எல்.எஸ்.டி. பெற்ற சுண்டெலிகள் பல வாரங்களுக்குக் குறைவாகக் குடித்ததாக எழுதியது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய முரண்பாடு வேறு மருந்தோடு திரும்பியிருக்கிறது. இந்த முறையாவது அவசரப்படாமல் இருப்போம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக ஆய்வாளர்களுக்கு. மது குறைந்தது என்று எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் தீனி, தண்ணீர், இனிப்பு, நடமாட்டம், உடல் எடை ஆகியவற்றுக்கு என்ன ஆனது என்பதையும் எழுத வேண்டும். ஆண் எலிகளோடு நிற்காமல் பெண் எலிகளிலும், பழகாத விலங்குகளோடு நிற்காமல் சார்புநிலை அடைந்தவற்றிலும் சோதிக்க வேண்டும். வாரக்கணக்கில் கொடுத்தும், நிறுத்தியபின்னும் பார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு கூடங்களில் ஒத்த முடிவு கிடைக்காத மருந்து மனிதரிடம் போகக் கூடாது. பலன் இல்லை என்ற முடிவையும் அச்சிட வேண்டும். விலங்கு ஆய்வுகளை நெறிப்படுத்த நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனிக்குழு இருக்கிறது. நிறுவன அறநெறிக் குழுக்கள் விலங்குகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, கேட்கப்படும் கேள்வி அந்த உயிர்களுக்குத் தகுதியானதா என்பதையும் பார்க்க வேண்டும். பதில் தராது என்று முன்பே தெரிந்த சோதனையில் ஓர் எலியைக் கொல்வதும் வதைதான்.

அடுத்து, மருத்துவர்களுக்கு. இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துவதாகவும், 5.7 கோடிக்கும் மேற்பட்டோர் தீங்கு தரும் குடியாலோ மதுச் சார்பாலோ உதவி தேவைப்படும் நிலையில் இருப்பதாகவும் 2019இல் வெளியான அரசு ஆய்வு கூறுகிறது. இவ்வளவு பெரிய துயரத்தின் முன்னால், பழக்கத்தால் ஒரு மனச்சோர்வு மாத்திரையை எழுதி அனுப்புவது சிகிச்சையாகாது. மனச்சோர்வோ பதற்ற நோயோ உடனிருந்தால் தவிர, குடிநோய்க்கென்று மனச்சோர்வு மருந்துகளைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2018இல் வழிகாட்டியது. உடனிருந்தால் தர வேண்டும்; அதற்கும் சான்று உண்டு. மனச்சோர்வும் மதுச் சார்பும் சேர்ந்திருந்த 170 பேரிடம் பெட்டினாட்டி நடத்தி 2010இல் வெளியிட்ட சோதனையில், செர்ட்ரலினையும் நால்ட்ரெக்ஸோனையும் சேர்த்துப் பெற்றவர்களில் 53.7 சதவீதத்தினர் குடியை முற்றிலும் விட்டார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் பெற்றவர்களிலும் வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர்தான். யாருக்கு எது என்று பார்த்துக் கொடுத்தால் பலன் இருக்கிறது.

கடைசியாக, குடும்பங்களுக்கு. மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுவருபவர் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்; மருத்துவரிடம் கேளுங்கள். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற, சான்றுள்ள மருந்துகள் தமக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். மருந்தோடு ஆலோசனையும் கேளுங்கள். எலியிடம் பலித்தது என்ற செய்தியைப் படித்தால், அது மனிதரிடம் எப்போது, எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் சோதிக்கப்பட்டது என்ற கேள்வியோடு படியுங்கள். அதற்குப் பதில் இல்லாத செய்தியை நம்பி, இன்று கிடைக்கும் சிகிச்சையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

*கட்டுரையாளர், மனநல மருத்துவர். அடிமைநோய் மருந்தியலில் ஈடுபாடு கொண்டவர்.*